"நம்ம பாஷை எத்தனாவது நம்பர்ல இருக்குது?" – பிரசார் பாரதி வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பிரசார் பாரதி வாரியத்தின் தலைவர், முதன்மைச் செயல் அலுவலர் மற்றும் உறுப்பினர்கள், புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கல்வராயன் மலைப் பகுதியில் அரசுப் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்திலேயே, கேபிள் ஒயர் ஏறி வராத சிற்றூர்களில் தெரிந்தவர்கள் வீட்டுக்கு தூர்தர்ஷனை நடத்தும் நீங்கள் மாதக் கட்டணமில்லாமல் தரும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை மாட்டிக் கொடுக்கும் பழக்கம் எப்படியோ தொற்றிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. இதற்குக் கூலி வாங்குவதில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன். அந்த அனுபவத்தில் கண்ட ஒரு குறையையும், அதைத் தீர்க்க உங்களால் முடியும் என்று நான் நம்பும் சில வழிகளையும் பொதுவில் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலம் ஓய்ந்த பிறகு ஒரு வீட்டுக்கு டிஷ் மாட்டப் போயிருந்தேன். ஓட்டு வீடு என்பதால் கூரையில் கை வைக்க முடியாது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு சிமென்ட் திட்டு போட்டு, அதில் கம்பத்தை நட்டோம். இந்தச் சேவையை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் மலையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கும். வடக்கே போகப் போக இந்த உயரம் குறையும் என்பதால், மரம் மறைக்கிற தொல்லை எங்களுக்குக் கொஞ்சம் குறைவு. தெற்கில் இருப்பதற்குக் கிடைத்த சிறு சலுகை என்று அதை வைத்துக்கொள்ளலாம். வெளியே நான் டிஷ்ஷை நூலளவு நகர்த்த நகர்த்த, உள்ளே அந்த வீட்டுப் பேரன் திரையில் ஓடும் சிக்னல் எண்ணைப் பார்த்து, "நாப்பது சார்... நாப்பத்தஞ்சு... போயிருச்சு சார்!" என்று கூவிக்கொண்டிருந்தான். எழுபதைத் தொட்டதும் போல்ட்டை இறுக்கினேன். ஆட்டோ ஸ்கேன் போட்டதும் சேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

வீட்டுப் பாட்டி ரிமோட்டை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், ஒவ்வொரு எண்ணாக நகர்த்திக்கொண்டே போனார். இந்திச் செய்தி, இந்திப் படம், போஜ்புரிப் பாட்டு, மறுபடியும் இந்திச் செய்தி, ஏதோ மூட்டுவலித் தைலம் விற்கும் ஒருவர், புரியாத மொழியில் ஒரு பக்திச் சொற்பொழிவு. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரே, நம்ம பாஷை எத்தனாவது நம்பர்ல இருக்குது?" என்று கேட்டார். டிடி தமிழைத் தேடிப் பிடித்துக் காட்டி, அதன் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

இந்த மடல் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல எழுதுகிறவன், நிறையை மறைத்தால் அது நேர்மையாகாது. 2004 டிசம்பரில் 33 அலைவரிசைகளோடு டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை, இன்று நாட்டில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்திருக்கிறது என்பது சாதாரணக் காரியம் அல்ல. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதன் பிறகு ரீசார்ஜ் என்ற பேச்சே இல்லை. கேபிளுக்கோ கட்டண டிடிஎச்சுக்கோ மாதம் இருநூறு ரூபாயை ஒட்டிக் கொடுக்கும் குடும்பம் ஓராண்டில் செலவழிக்கும் தொகையைவிட இது குறைவு. வேலை இருக்கும் மாதம், இல்லாத மாதம் என்று ஆண்டைப் பிரித்து வாழும் குடும்பங்களுக்கு, மாதந்தோறும் கட்டத் தேவையில்லாத ஒரு சேவை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எளிதில் புரியாது.

தமிழ்நாட்டில் இந்தச் சேவை பரவாமல் போனதற்கு எங்கள் தரப்பிலும் காரணங்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மாநில அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. பெட்டி வந்ததும் அதில் ஓட ஏதாவது வேண்டுமல்லவா? தெருத்தெருவாகக் கேபிள் ஏற்கெனவே பரவியிருந்தது. 2011இல் மாநில அரசே நடத்தும் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கிடைத்தது. அந்த விலையில், தெரிந்த மொழியில் எல்லாம் வருகிறபோது, சமவெளியில் யாருக்கும் கூரையில் டிஷ் வைக்கத் தோன்றவில்லை. ஆனால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வந்த அந்தக் கேபிள், வீடுகள் நெருங்கி இருக்கும் ஊர்களோடு நின்றுவிட்டது. கல்வராயன், சவ்வாது, கொல்லிமலை, தாளவாடி, வால்பாறை எஸ்டேட்டுகள் என்று, நாலு வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் ஒயர் இழுக்க வேண்டிய இடங்களுக்குக் கேபிள்காரர் வரமாட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. சமவெளியிலும் கேபிள் கட்டணம் இப்போது 70 ரூபாயில் இல்லை. பழைய ஆன்டெனாவைப் போட்டு, கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வந்த ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும், அனலாக் ஒளிபரப்பை நீங்கள் படிப்படியாக நிறுத்திய பிறகு அந்த வழி இல்லை. ஆகவே, பணம் கட்டாமல் தொலைக்காட்சி பார்க்க இன்றைக்கு ஏழைக் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது உங்கள் டிஷ் ஒன்றுதான்.

அதில் தமிழ் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது என்பதற்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு தயாரான பதில் இருக்கும்: செயற்கைக்கோளில் அலைவரிசைகளுக்கான இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன, தமிழ் நிறுவனங்கள் ஏலம் கேட்க வருவதில்லை. பதில் பொய்யல்ல. ஆனால் அந்த ஏலத்தின் கணக்கைச் சற்று அருகில் வைத்துப் பாருங்கள். செயற்கைக்கோளின் கற்றை நாடு முழுவதும் ஒரே சீராகப் பொழிகிறது. ஓர் இடத்தை வாங்குகிற அலைவரிசை இமயத்திலும் தெரியும், குமரியிலும் தெரியும். இந்தி அலைவரிசை நடத்துகிறவருக்கு இந்தப் பொழிவு பத்து மாநிலங்களின் பார்வையாளர்களைக் கொண்டுவருகிறது. அவர் கோடிகளைக் கொடுத்து இடம் பிடித்தாலும் விளம்பரத்தில் எடுத்துவிடுவார். 2019ஆம் ஆண்டுக் கொள்கையில் இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளுக்கு ஏலம் தொடங்கும் அடிப்படைத் தொகையே 15 கோடி ரூபாய் என்று வைத்தீர்கள். அதையும் தாண்டிக் கேட்க ஆள் இருந்தார்கள். தமிழ் அலைவரிசைக்கோ, அதே வானத்திலிருந்து கிடைப்பது ஒரு மாநிலத்தில் சிதறிக் கிடக்கும் ஃப்ரீ டிஷ் வீடுகள் மட்டுமே. வீடுகள் குறைவு என்பதால் அலைவரிசை வருவதில்லை. அலைவரிசை இல்லை என்பதால் வீடுகள் கூடுவதில்லை. இந்த முடிச்சைச் சந்தை தானாக அவிழ்க்காது, ஏனென்றால் இரண்டு முனைகளில் எதை இழுத்தாலும் அது இறுகவே செய்யும். மாநில மொழிகளுக்கென்று ஏலத்தில் தனித் தொகுதி வகுப்பது நல்லதுதான் என்றாலும், தொகுதியின் பெயரை மாற்றிவிட்டுக் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் பயன் சிறிதாகவே இருக்கும்.

ஏலத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததும் அல்ல. 2019 மார்ச்சில் பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்திப் பொழுதுபோக்கு அலைவரிசைகளை ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து ஒரே வீச்சில் எடுத்துக்கொண்டன; மறு ஆண்டு திரும்பி வந்தன; 2022இல் மறுபடியும் போயின. கட்டணச் சந்தாவில் வரும் வருமானத்தை இலவசச் சேவை அரித்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். தமிழில் நிலைமை இன்னும் இறுக்கமானது. முன்னணித் தமிழ் அலைவரிசைகள் பெரும்பாலும் கட்டண அலைவரிசைகள். அடிப்படைத் தொகையைச் சுழியாக்கினாலும் அவை வரா என்றே நினைக்கிறேன், வர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் இலவசமாகவே ஒளிபரப்பாகும் தமிழ்ச் செய்தி அலைவரிசைகளும், பாட்டு, பக்தி அலைவரிசைகளும் இருக்கின்றன. அவர்களுக்குத் தடையாக இருப்பது விலை ஒன்றுதான்.

விலையைக் குறைத்தால் வருமானம் போகுமே என்று கேட்கலாம். ஓராண்டு ஏலத்தில் ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்குக்கூட உங்களுக்கு வந்திருக்கிறது. அதை நான் பழிக்கவில்லை; அந்தப் பணம்தான் கிராமத்து வீட்டிடம் மாதக் கட்டணம் கேட்காமல் இந்தச் சேவையைத் தாங்கி நிற்கிறது. ஆனால் யாரும் கேட்க வராத ஏலத்தில் இழப்பதற்கு என்ன இருக்கிறது? தென்னக மொழிகள் ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து இடங்களை ஒதுக்கி, ஐந்தாண்டு போலப் போதிய கால உறுதியோடு, அந்த மொழியின் ஃப்ரீ டிஷ் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற தொகையில் கொடுங்கள். வீடுகள் பெருகினால் தொகையும் பெருகட்டும். விதைநெல்லுக்கே குத்தகை கேட்டால் யார் விதைப்பார்கள்?

இதை நீங்கள் சலுகையாகச் செய்ய வேண்டியதில்லை. உங்களைப் படைத்த சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டம், 12ஆம் பிரிவில், நாட்டின் பல்வேறு பகுதிகளின் பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் போதிய இடம் தருவதையும், கல்வி, வேளாண்மை, ஊரக வளர்ச்சி, சுகாதாரம் ஆகியவற்றில் தனிக் கவனம் செலுத்துவதையும், பின்தங்கிய, தொலைதூரப் பகுதிகளில் வாழ்வோரின் தேவைகளைக் கவனிப்பதையும் உங்கள் கடமைகளாக வரிசைப்படுத்துகிறது. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தை அதிக விலை கேட்கிறவருக்குக் கொடுப்பது ஒரு முறை. அந்தச் சொத்துக்கு உரியவர்களுக்குப் புரிகிற மொழியில் அது பேசும்படி செய்வதும் ஒரு முறை. சட்டம் உங்களிடம் முதலில் கேட்பது இரண்டாவதைத்தான்.

பணம் இல்லாதவனும் பார்க்க வேண்டிய சில உண்டு என்ற எண்ணம் நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அந்த ஒளிபரப்பை உங்கள் தரைவழி ஒளிபரப்பிலும் உங்கள் சொந்த டிடிஎச்சிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இந்தியா ஆடும் நாள்களில் ஃப்ரீ டிஷ் உள்ள வீட்டின் திண்ணையில் இடம் கிடைக்காது. பக்கத்து ஊரில் கட்டண டிடிஎச் வைத்திருப்பவர்கூட வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மலையில் எங்களுக்குக் கிடைக்கும் அபூர்வமான பெருமைகளில் அதுவும் ஒன்று. கிரிக்கெட்டுக்குக் காட்டிய அந்தக் கரிசனத்தைத் தாய்மொழிச் செய்திக்கும் காட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். நம் நாட்டில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி முதலில் நகரத்துக்கு வரவில்லை. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி நடத்திய 'சைட்' சோதனையில், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கோழிக்கூண்டுக் கம்பி வலையில் செய்த டிஷ்களைக் கொண்டு, சில இடங்களில் பேட்டரியிலும் இயங்கிய அந்தப் பெட்டிகள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் உழவர்களுக்கும் இந்தி, ஒடியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் பேசின. தமிழ்நாடு அந்தச் சோதனையில் இல்லை. அது இங்கே முக்கியமும் இல்லை. ஒளிபரப்புக்கென்று கையில் சொந்தச் செயற்கைக்கோள்கூட இல்லாத காலத்தில், எந்தக் கிராமத்துக்கு எந்த மொழி என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதைவிடப் பன்மடங்கு வசதியோடு இருக்கும் நாம், அந்தக் கேள்வியை ஏலதாரரிடம் விட்டுவிட்டோம்.

ஏலத்தையே தொடாமல் நாளைக்கே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் தொடங்கியது. அன்றிலிருந்து எடுத்த நாடகங்கள், கச்சேரிகள், கிராமியக் கலை நிகழ்ச்சிகள், 'வயலும் வாழ்வும்' போன்ற வேளாண் நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவும் உங்களுடைய சொத்து. உரிமைத் தொகை யாருக்கும் பெரிதாகக் கொடுக்க வேண்டியிராது. பொதிகை என்று நாங்கள் அழைத்துப் பழகிய அலைவரிசையை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாற்றிப் புதுப்பித்தீர்கள். அதற்குத் துணையாக இரண்டாவது தமிழ் அலைவரிசை ஒன்றைத் தொடங்கி, பகலில் வேளாண்மை, உடல்நலம், வானிலை, மாவட்டச் செய்தி, இரவில் அந்தக் களஞ்சியம் என்று நடத்தினால், அந்தப் பாட்டி ரிமோட்டைக் கீழே வைக்கமாட்டார். பழையதைப் போட்டால் இளைஞர்கள் பார்ப்பார்களா என்று உங்கள் அதிகாரி ஒருவர் கேட்கக்கூடும். மலையில் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

எல்லாம் கைபேசியில் வந்துவிட்ட காலத்தில் டிஷ் எதற்கு என்ற எண்ணம் தில்லியில் மட்டுமல்ல, சென்னையிலும் இருக்கிறது. 2024 நவம்பரில் நீங்களே வேவ்ஸ் என்ற இணையவழி ஓடிடி தளத்தைத் தொடங்கினீர்கள், நல்லது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் இணைய வசதியுள்ள கைபேசி ஒன்று இருந்தால், அது வேலைக்காக வெளியூர் போயிருக்கும் தந்தையின் சட்டைப்பையில் இருக்கும். வீட்டில் இருப்பது டிவி. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது இதை ஆசிரியனாக நேரில் கண்டவன் நான். 2019இல் தொடங்கப்பட்ட மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் பாடம் நடத்தியது. கேபிள் இருந்த ஊரில் பிள்ளைகள் ஏதோ கொஞ்சம் படித்தார்கள். கேபிள் இல்லாத ஊரில் நாங்கள் நடந்து போய் வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு வந்தோம். உங்கள் செயற்கைக்கோளில் ஸ்வயம் பிரபா, பிஎம் இ-வித்யா என்று கல்வி அலைவரிசைகள் ஏராளமாக ஓடுகின்றன. ஆனால் அத்தனை வரிசையில் தன் வகுப்புக்கான தமிழ்ப் பாடம் எது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? கல்வித் தொலைக்காட்சியையும் தமிழ்வழிக் கல்வி அலைவரிசைகளையும் டிடி தமிழுக்கு அடுத்தடுத்த எண்களில், யாரும் மாற்றாதபடி நிலையாக வைத்தால் போதும். இதற்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம்.

கடற்கரை மாவட்டங்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், மின்கம்பங்களை லட்சக்கணக்கில் சாய்த்தது. கம்பத்தோடு கேபிளும் போயிற்று. செயற்கைக்கோளுக்குக் கம்பம் தேவையில்லை. ஃப்ரீ டிஷ் பெட்டிகளில் பல 12 வோல்ட்டில் இயங்குபவை. டிஷ்ஷைத் திருப்பி நிறுத்திவிட்டு, ஒரு பேட்டரியும் சிறிய டிவியும் வைத்தால் நிவாரண முகாமில் செய்தி பார்க்கலாம். ஆனால் அந்தச் செய்தி மீனவருக்குப் புரியும் மொழியில், அவருடைய மாவட்டத்தின் பெயரைச் சொல்லி வர வேண்டும்.

அடுத்தது பெட்டி. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 2,539 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த, ஒளிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்தும் 'பைண்ட்' திட்டத்தில், தொலைதூர, பழங்குடி, எல்லைப் பகுதிகளுக்கும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட இலவச செட்டாப் பாக்ஸ்கள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இராமநாதபுரமும் விருதுநகரும் அந்த மாவட்டப் பட்டியலில் இருப்பவை. பழங்குடி மலைகள் இன்னும் பல மாவட்டங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு எத்தனை பெட்டிகள், எந்தெந்த ஊர்களுக்கு என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டச் செய்யுங்கள். நியாயவிலைக் கடையில் இருப்பு எழுதிப் போடுகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, மக்கள் படித்துக்கொள்வார்கள்.

பெட்டியின் தரம் சிறு விஷயமாகத் தோன்றும், ஆனால் அப்படி அல்ல. பாட்டி வீட்டுப் பெட்டி சந்தையில் யாரோ விற்ற, உங்கள் அங்கீகாரம் பெறாத பெட்டி. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் பழையதான எம்பெக்-2இல் வருவதை மட்டும் அது காட்டும். புதிய எம்பெக்-4 முறையில் வருவதைக் காட்டாது. அங்கீகாரம் பெற்ற பெட்டியில் ஒவ்வொரு சேனலுக்கும் நீங்கள் வைத்த எண் நிலைத்திருக்கும். இந்தப் பெட்டியிலோ, ஸ்கேன் செய்யும்போது எது முதலில் சிக்குகிறதோ அதுதான் முதல் எண். எம்பெக்-4 ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே படத்தைக் கொடுத்துவிடும் என்பதால், பழைய முறையிலிருந்து மாறினால் புதிய மொழிகளுக்கு இடம் தானாகக் கிடைக்கும். ஆனால் பெட்டியை மாற்றித் தராமல் முறையை மட்டும் மாற்றினால், இப்படிப்பட்ட வீடுகள் ஒரே இரவில் இருண்டுவிடும். பழைய பெட்டியைக் கொடுத்துப் புதிய பெட்டி வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை, குடும்ப அட்டையை வைத்து, முதலில் செய்துவிட்டு அந்த மாற்றத்தைத் தொடங்குங்கள்.

ஒவ்வோர் ஏலத்துக்குப் பிறகும் சேனல் பட்டியல் மாறுகிறது. மறுபடி ஸ்கேன் செய்தால்தான் புதியவை தெரியும், ஸ்கேன் செய்தால் அந்தப் பெட்டியில் பழைய எண்கள் கலைந்துவிடும். பாட்டி வீட்டுச் சுவரில் நான் ஒட்டிய தாளில் இதுவரை இரண்டு எண்களை அடித்துவிட்டு மூன்றாவது எண் எழுதியாயிற்று. மேற்சொன்னவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். அதுவரை, பட்டியல் மாறப்போகிறது என்ற அறிவிப்பை ஒரு வாரம் முன்பே டிடி தமிழின் திரையடியில் தமிழில் ஓடவிட்டால், நான் மலையேறிப் போய் அந்தத் தாளை மாற்றி எழுதிவிட்டு வருவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மாவட்டம்.